எம்.எஸ்சி. புராஜெக்ட்: ஸ்டென்டுக்குக் கணித மாடல் போடுவது எப்படி?

கவின்_எம்எஸ்சி

எல்லோருக்கும் வணக்கம். பயன்பாட்டுக் கணிதத்தில் எம்.எஸ்சி., கடைசி செமஸ்டர். "ரத்தக்குழாய் நோயும் ஸ்டென்டும்: கணித மாடலிங்" என்று ஒரு வரியில் தலைப்பைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்றுவிட்டார் என் கைடு. எனக்கு மருத்துவப் பின்னணி எதுவும் கிடையாது.

இப்போதைக்கு என் திட்டம்: முதல் அத்தியாயத்தில் குழாய்க்குள் திரவம் ஓடுவதற்கான பாய்சொய் சமன்பாடு. ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம் என்பதால், அடைப்பால் விட்டம் பாதியானால் ரத்த ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஸ்டென்ட் வைத்ததும் பழையபடி ஆகிவிடும். அடுத்த அத்தியாயத்தில் எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்கம் இறங்கும் இடது தமனி) குழாயை முழுசாக முப்பரிமாணத்தில் வரைந்து, உள்ளே ஸ்டென்டை வைத்து, சுவரும் துடிக்கிற மாதிரி, திரவ ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைத் தீர்ப்பது. சாஃப்ட்வேர் லேபில் இருக்கிறது. ஒரு செமஸ்டருக்குள் முடியுமா?

மெஷ்மன்னன்

தாராளமாகச் செய். நான் சி.எஃப்.டி.யில்தான், அதாவது திரவ ஓட்டத்தைக் கணினியில் தீர்ப்பதில்தான் சோறு சாப்பிடுகிறேன். சிவப்பும் நீலமுமாகப் படம் போட்டால் வைவாவில் பாதி வேலை முடிந்தது. சுவர் துடிப்பதை மட்டும் விட்டுவிடு. திரவமும் திடமும் சேர்ந்த சிமுலேஷன் உன் செமஸ்டரையே விழுங்கிவிடும்.

பழைய_கணக்கு_வாத்தியார்

தம்பி, முதல் அத்தியாயத்தைக் கைடிடம் காட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடு. பதினாறில் ஒரு பங்கு என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாய்.

விதி சரிதான், அதைப் பொருத்தும் இடம்தான் சரியில்லை. இரு முனைக்கும் இடையே அழுத்த வேறுபாடு மாறாமல் இருந்தால்தான் அந்தப் பதினாறு வரும். இதயத் தமனியில் பெரும்பகுதித் தடை நீ பார்க்கிற பெரிய குழாயில் கிடையாது, அதற்குக் கீழே இருக்கிற நுண்தமனிகளில் இருக்கிறது. அவையோ தேவைக்கேற்ப விரிந்து சுருங்குபவை.

எண்களை வைத்தே பார். விட்டம் 3 மி.மீ., ஓட்டம் நிமிடத்துக்கு 60 மி.லி., பாகுநிலை 0.0035 பாஸ்கல் நொடி, அடர்த்தி கன மீட்டருக்கு 1060 கிலோ. 2 செ.மீ. நீளத்துக்கு அழுத்த வீழ்ச்சி 35 பாஸ்கல். பாதரசக் கணக்கில் கால் மி.மீ. தமனியில் 100 மி.மீ. இருக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது 1 செ.மீ. நீளத்துக்கு விட்டத்தைப் பாதியாக்கு. பாகுநிலையால் 2.1 மி.மீ. வீழ்கிறது. குறுகலைத் தாண்டியதும் ஓட்டம் சட்டென்று விரிகிறதே, அந்த இடத்தில் வீணாகும் ஆற்றல் இன்னொரு 0.7. இரண்டும் சேர்ந்து 3-க்குள்தான். நுண்தமனிகள் லேசாக விரிந்து அதைச் சரிக்கட்டிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஒன்றுமே தெரியாது.

அதே ஆள் மாடிப்படி ஏறுகிறார், ஓட்டம் நாலு மடங்கு வேண்டும். பாகுநிலைப் பகுதி ஓட்டத்துக்கு நேர்விகிதம், அது 8.5 ஆகிறது. விரிவுப் பகுதி ஓட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம், அது பதினாறு மடங்காகி 11.5. மொத்தம் 20. அடைப்புக்கு அந்தப் பக்கம் 80தான் மிஞ்சும்.

விட்டத்தில் 70 சதவீதம் அடைத்துக்கொண்டால்? ஓய்விலேயே 24 போய்விடுகிறது. நாலு மடங்கு ஓட்டத்துக்குக் கணக்கு 195 கேட்கிறது. இருப்பதே 100, அதனால் நாலு மடங்கு ஓட்டம் நடக்கவே நடக்காது. மார்வலி ஏன் நடக்கும்போது வருகிறது, உட்காரும்போது ஏன் போகிறது என்பது இந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. 1974-இல் கோல்ட் குழுவினர் நாய்களில் அளந்து காட்டியதும் இதே போக்குதான்: விட்டம் 85 சதவீதம் அடைபடும் வரை ஓய்வு நேர ஓட்டம் குறையவில்லை. உச்ச ஓட்டம் மட்டும் 30-45 சதவீத அடைப்பிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது.

இத்தனைக்கும் ஒரு தாள், ஒரு கால்குலேட்டர். குழாயைச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிற மெஷ் எதுவும் தேவைப்படவில்லை.

கேத்லேப்_தேவி

வாத்தியார் சார், கடைசியில் 80 என்று முடித்தீர்களே, சிரிப்பு வந்துவிட்டது. இதயக் குழாய்க்குள் வயர் விட்டுப் பார்க்கிற எங்கள் கேத் லேபில் தினமும் புழங்குகிற எண் அது. நுனியில் பிரஷர் சென்சார் வைத்த வயரை அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோவோம். அடினோசின் கொடுத்து நுண்தமனிகளை முழுசாக விரியவைப்போம். அடைப்புக்குப் பின்னால் இருக்கிற அழுத்தத்தைப் பெருந்தமனி அழுத்தத்தால் வகுத்தால் எஃப்.எஃப்.ஆர். அது 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள். 2009-இல் வந்த ஃபேம் ஆய்வுக்குப் பிறகு இது நன்றாகப் பரவியது. அந்த ஆய்வின் தரவில், ஆஞ்சியோவில் 50 முதல் 70 சதவீதம் என்று கண்ணுக்குத் தெரிந்த அடைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் நிஜமாக ஓட்டத்தைத் தடுத்தது.

கவின், உங்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். "ஸ்டென்ட் வைத்ததும் பழையபடி ஆகிவிடும்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். குழாயைத் திறப்பது இன்றைக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. பலூன் மேல் சுருக்கி வைத்த ஸ்டென்ட் சுமார் 1 மி.மீ. தடிமன்தான் இருக்கும். 10, 12 அட்மாஸ்பியர் அழுத்தம் கொடுத்ததும் பலூன் விரிந்து, வளைந்து வளைந்து போகும் வளையங்களாகக் கம்பி சுவரில் போய்ப் பதிகிறது. எக்ஸ்ரே திரையில் பலூனின் நடுவில் விழுந்திருந்த இடுப்பு மறைவதைப் பார்க்கலாம். சில நொடிகளில் முடிகிற காரியம். அதற்கு அப்புறம் வருகிற மாதங்களில்தான் கதையே.

1977 செப்டம்பரில் சூரிக்கில் க்ரூன்ட்சிக் முதல்முறையாக இதயத் தமனியில் பலூன் விட்டார். பலூன் மட்டும் போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் சில மாதங்களில் குழாய் திரும்பச் சுருங்கியது. 1986-இல் துலூசில் பியெல், லோசானில் சிக்வார்ட் இருவரும் ஸ்டென்ட் வைத்தார்கள். சுவர் பின்வாங்குவது நின்றது. ஆனால் கம்பியைச் சுற்றித் தசைச்செல்கள் வளர்ந்து உள்ளேயே மூடத் தொடங்கின. அதைத் தடுக்க, மருந்து தடவிய ஸ்டென்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2003-இல் அனுமதி கொடுத்தது. அப்புறம் 2006 வாக்கில், ஒரு வருஷம் கழித்தும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைகிறது என்று பெரிய பரபரப்பு. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது முளைக்கிறது. உங்கள் கணிதம் இதில் எந்தக் கட்டத்தைத் தொடப்போகிறது?

கவின்_எம்எஸ்சி

வாத்தியார் சார், 3-ம் 20-ம் நானே போட்டுப் பார்த்தேன், வருகிறது. இதுவே முதல் அத்தியாயம் ஆகிவிட்டது. தேவி அக்கா கேட்டதுக்குத்தான் பதில் இல்லை. முப்பரிமாண மாடலில் இந்தத் திரும்பச் சுருங்குகிற விஷயத்தைப் பிடிக்க முடியாதா?

மெஷ்மன்னன்

இருங்கள், முப்பரிமாணத்தை ஒரேயடியாகக் கழுவி ஊற்ற வேண்டாம். சி.டி. ஸ்கேனிலிருந்து ஒரு நோயாளியின் குழாய் வடிவத்தை எடுத்து, அதில் நேவியர்-ஸ்டோக்ஸ் தீர்த்து, வயர் விடாமலேயே எஃப்.எஃப்.ஆர். கணிக்கிற முறை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் டெய்லர் தொடங்கிய ஆராய்ச்சி; 2014-இல் எஃப்.டி.ஏ. அனுமதியும் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு முப்பரிமாணம் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொருவரின் குழாய் வளைவும் கிளையும் வேறு வேறு.

ஆனால் கவின் கேட்கிற கேள்விக்கு இது சிக்கல்தான். ஸ்டென்ட் கம்பியின், அதாவது ஸ்ட்ரட்டின் தடிமன் இன்றைக்கு 60 முதல் 80 மைக்ரான். அதன் உயரத்தில் பத்துக் கட்டமாவது வேண்டும் என்றால் ஒரு கட்டம் 8 மைக்ரான். 3 மி.மீ. விட்டமும் 2 செ.மீ. நீளமும் உள்ள குழாயை அதே அளவில் நிரப்பினால் 27 கோடிக் கட்டங்கள்! சுவர் ஓரம் மட்டும் நெருக்கி, நடுவில் தளர்த்தினால் ரொம்பவே குறையும். என்றாலும் காலேஜ் லேப் மெஷினில் ராத்திரி பகலாக ஓடும், ஒரு தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஹூஸ்டன்_பார்வதி

மெஷ்மன்னன் சொன்ன அதே தலைவலிக்குக் கணிதத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்த குழு எங்கள் ஊரில் இருந்தது. சுன்சிட்சா சானிச் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, குரோஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தின் தம்பாசாவோடும் இங்குள்ள இதய மருத்துவர்களோடும் சேர்ந்து செய்த வேலை. 2010-இல் சியாம் (SIAM) என்ற கணிதச் சங்கத்தின் பயன்பாட்டுக் கணித இதழில் முதன்மைக் கட்டுரை வந்தது, அடுத்த வருஷம் டெக்சாஸ் ஹார்ட் இன்ஸ்டிட்யூட் இதழில் மருத்துவர்களுக்காக இன்னொன்று.

வழக்கமாக ஸ்டென்டின் உலோகத்தை முழுத் திடப்பொருளாக எடுத்துக்கொண்டு லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டுவார்கள். இவர்கள் ஒவ்வொரு ஸ்ட்ரட்டையும் வளைந்த மெல்லிய தண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு தண்டுக்கு ஒரே ஒரு மாறி, நீளவாக்கில் எங்கே இருக்கிறோம் என்பது மட்டும். தண்டுகள் சந்திக்கிற முனைகளில் இரண்டு நிபந்தனை: இடப்பெயர்ச்சியும் திருப்பமும் எல்லாத் தண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், விசைகளும் திருப்புத்திறன்களும் கூட்டினால் சுழியம் ஆக வேண்டும். மின்சுற்றுக்குக் கிர்க்காஃப் விதி எழுதத் தெரிந்த மாணவருக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். ஸ்டென்டே முனைகளும் இணைப்புகளுமான ஒரு வரைபடக் கோட்பாட்டு (graph theory) பிரச்சினையாக மாறிவிடுகிறது.

இதில் கேட்கக்கூடிய கேள்வி: எந்த டிசைன் சுவர் அழுத்தத்தைத் தாங்கும், எது வளைந்த குழாயில் வளைந்து கொடுக்கும்? இரண்டும் ஒரே டிசைனில் கிடைப்பது கஷ்டம். மூடிய கண்ணிகளாகப் பின்னினால் விறைப்பு, இடையில் இணைப்புகளை எடுத்துவிட்டால் நெகிழ்வு. சாதாரண லேப்டாப்பில் ஓடும். கணித மாணவருக்கு ஏற்ற புராஜெக்ட் இதுதான் என்பேன். ஒரே குறை, இதில் ரத்த ஓட்டம் வராது.

கேத்லேப்_தேவி

நெகிழ்வு என்றதும் ஒன்று. வளைந்த குழாயில் விறைப்பான ஸ்டென்ட் போட்டால் அது குழாயையே நிமிர்த்திவிடும். ஸ்டென்ட் முடிகிற முனையில் புதுசாக ஒரு மடிப்பு விழும். டாக்டர்கள் அந்த இடத்தைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். கணக்கில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு எல்லை நிபந்தனை, இல்லையா?

ஸ்டென்ட்_மாமா

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்குப் போன வருஷம் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். அடைப்பு போய்விட்டதால் மாத்திரையை நிறுத்தலாமா? கணக்குப்படி ஓட்டம் சரியாகிவிட்டதே.

கேத்லேப்_தேவி

மாமா, உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை அந்தக் கம்பிக்காக. கொழுப்பு மாத்திரை குழாய் முழுக்க இருக்கிற நோய்க்காக. ஸ்டென்ட் சரிசெய்தது ஒரு இரண்டு செ.மீ. இடத்தை மட்டும். 2007-இல் வந்த கரேஜ் ஆய்வில், நிலையான மார்வலி உள்ளவர்களுக்கு நல்ல மருந்தோடு ஸ்டென்டும் சேர்த்து வைத்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை, வலிதான் குறைந்தது. ஓட்டக் கணக்கு மட்டுமே நோய் என்று நினைத்தால் இந்த முடிவு புரியவே புரியாது.

பழைய_கணக்கு_வாத்தியார்

தேவி அம்மா சொன்னது மாடலுக்கும் பொருந்தும். நோய் இருக்கிற இடம் சுவர். ஆகவே சுவருக்குப் போவோம்.

ரத்தம் சுவரை உரசுகிற விசையை ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் சுவர் ஷியர். மேலே கொடுத்த அதே குழாய்க்கு 1.3 பாஸ்கல் வருகிறது. லண்டனில் கேரோ குழுவினர் 1969 முதலே சொன்னது: கொழுப்புப் படிவது இந்த உரசல் குறைந்த இடங்களில். கிளை பிரிகிற இடத்தின் வெளிப்புறம், வளைவின் உட்புறம். பின்னால் வந்த மதிப்பீடு, 1.5 பாஸ்கல் வாக்கில் இருந்தால் உட்சுவர் செல்கள் நலம், 0.4-க்குக் கீழே போனால் கேடு. 3 மி.மீ. குழாயில் சும்மாவே நாம் நலமான எல்லைக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறோம் என்பதைக் கவனி.

இந்தச் சுவரில் ஒரு ஸ்ட்ரட்டை வை. சுவரருகே திசைவேகச் சரிவு, 1.3 வகுத்தல் 0.0035, நொடிக்குச் சுமார் 375. 140 மைக்ரான் உயரத்தில் திசைவேகம் நொடிக்கு 5 செ.மீ. அந்த உயரத்தை வைத்தே ரெனால்டு எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டால் நிலைமம் எத்தனை மடங்கு) போட்டால் 2.2. ஸ்ட்ரட் 50 மைக்ரான் என்றால் 0.28. உயரத்தின் இருமடிக்குப் போகிறது பார், ஏனென்றால் உயரமும் குறைகிறது, அந்த உயரத்தில் உள்ள வேகமும் குறைகிறது. 2.2-இல் ஸ்ட்ரட்டுக்குப் பின்னால் சுழல் நீள ஆரம்பிக்கும். 0.28-இல் நிலைமத்துக்கு வேலையே இல்லை, ஓட்டம் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஸ்ட்ரட்டை அணைத்துக்கொண்டு போகும். மூலையில் ஒட்டிய சின்னச் சுழல் இருபுறமும் இருக்கும், அவ்வளவுதான்.

கேத்லேப்_தேவி

சார், 50-ம் 140-ம் தெரிந்தே எடுத்தீர்களா? 2001-இல் ஜெர்மனியில் ஐசார்-ஸ்டீரியோ என்று ஒரு ஆய்வு. மருந்து தடவாத ஸ்டென்டுகளில் 50 மைக்ரான் ஸ்ட்ரட்டையும் 140 மைக்ரான் ஸ்ட்ரட்டையும் சீட்டுக் குலுக்கி 651 பேருக்கு வைத்தார்கள். திரும்பச் சுருங்கியது மெல்லியதில் 15 சதவீதம், தடித்ததில் 25.8.

மெஷ்மன்னன்

அருமை. ஆனால் கவின், 0.28-க்கு 15, 2.2-க்கு 25.8 என்று கோடு போட்டுவிடாதே. இரண்டு புள்ளி வழியே யாரும் கோடு போடலாம். தடித்த கம்பி சுவரை அதிகமாகக் காயப்படுத்தும், செல்கள் ஏறி மூட அதிக நாள் ஆகும். சுழல் ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று இந்த மாடல் சொல்லாது.

கேத்லேப்_தேவி

அதுவும் சரி. மெல்லியதாகச் செய்துவிட்டால் போதும் என்று முடித்துவிடவும் முடியாது, வலுவும் வேண்டும். கரைகிற ஸ்டென்ட் என்று அப்சார்ப் வந்தது. அது உலோகம் இல்லை, பாலிமர். உலோகத்துக்கு இருக்கிற வலு இல்லாததால் ஸ்ட்ரட்டை 150 மைக்ரானுக்கு மேல் செய்ய வேண்டியிருந்தது. ரத்தம் உறைவது அதிகம் என்று தெரிந்து 2017-இல் விற்பனையை நிறுத்தினார்கள். பார்வதி சொல்கிற விறைப்புக் கணக்கும் சாரின் சுழல் கணக்கும் மோதிக்கொள்கிற இடம் அதுதான்.

கிளாஸ்கோ_முத்து

நான் மருந்து பரவும் பக்கத்தில் பிஎச்.டி. செய்கிறேன். கவினுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மருந்து ஸ்ட்ரட்டிலிருந்து சுவருக்குள் விரவுகிறது. விரவல் குணகம் நொடிக்கு ஒரு சதுர மைக்ரான் அளவில் என்று வை. சுவர் 300 மைக்ரான். தடிமனின் இருமடியைக் குணகத்தால் வகுத்தால் 90,000 நொடி, அதாவது ஒரு நாள். ஆனால் சிரோலிமஸ் போன்ற மருந்து திசுவில் ஒட்டிக்கொள்கிறது, அதனால் வெளியேறுவது ரொம்ப மெதுவாகும். ஒட்டுவதையும் விடுவதையும் சேர்த்து எழுதினால் ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாடும் ஒரு சாதாரண வகைக்கெழுச் சமன்பாடும் இணைந்து வரும். ஒற்றைப் பரிமாணத்திலேயே சுவாரசியமான விடைகள் கிடைக்கும். என்ன, குணகங்களின் மதிப்பு மருந்துக்கு மருந்து, திசுவுக்குத் திசு மாறும். அளவீடு தேடியே பாதி நேரம் போகும்.

கவின்_எம்எஸ்சி

எல்லாவற்றையும் கைடிடம் காட்டினேன். ஸ்ட்ரட்டோடு நிற்கலாம் என்று முடிவு. இருபரிமாணம், தட்டையான சுவர், அதில் ஒரு சதுர ஸ்ட்ரட். உயரம் 50, 80, 140 மைக்ரான். ஒவ்வொன்றுக்கும் 0.4 பாஸ்கலுக்குக் கீழே போகும் சுவர் நீளம் எவ்வளவு என்று அளப்பது. அப்புறம் மூலையை உருட்டி, கம்பியைச் சுவரில் பாதி புதைத்து, திரும்ப அளப்பது. துடிப்பை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் புரியவில்லை. இதய ஓட்டம் நிலையானது இல்லையே?

பழைய_கணக்கு_வாத்தியார்

வோமர்ஸ்லி எண்ணைப் போட்டுப் பார், துடிப்பின் விளைவு பாகுநிலைக்கு எதிரே எவ்வளவு பெரியது என்று அது சொல்லும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் முழுக் குழாய்க்கு 2.3 வரும், அங்கே துடிப்பை ஒதுக்க முடியாது. 100 மைக்ரான் ஸ்ட்ரட்டுக்கு 0.15. அந்த அளவில் ஓட்டம் ஒவ்வொரு கணமும் நிலையான ஓட்டம்தான். மூன்று நான்கு வெவ்வேறு திசைவேகச் சரிவுகளுக்குத் தனித்தனியாக நிலையான விடை எடு, போதும்.

கேத்லேப்_தேவி

அந்தச் சரிவுகளை எடுக்கும்போது ஒன்று ஞாபகம் வையுங்கள். இடது இதயத் தமனியில் ரத்தம் அதிகமாக ஓடுவது இதயம் தளரும்போது. சுருங்கும்போது தசையே குழாய்களை நெருக்கிவிடும். கைத்தமனியின் அலையை எடுத்து இங்கே போட்டுவிடாதீர்கள்.

மெஷ்மன்னன்

வைவாவுக்கு ஒரு கேள்வி இப்போதே. சிவப்பணு 8 மைக்ரான். உன் 50 மைக்ரான் ஸ்ட்ரட் ஆறு சிவப்பணு உயரம். ரத்தத்தைத் தொடர்ச்சியான திரவம் என்று எப்படி எடுத்தாய்?

கவின்_எம்எஸ்சி

அனுமானம் என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறேன் அண்ணா. சுழலுக்குள் திசைவேகச் சரிவு நொடிக்கு நூறுக்குக் கீழே போகும்போது பாகுநிலை மாறுமே, அதற்கு மட்டும் கரோ (Carreau) என்று ஒரு பாகுநிலை மாடல் இருக்கிறதே, அதைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

மெஷ்மன்னன்

ஓட்டு. முதலில் சாதாரணத் திரவத்தில் மெஷ்ஷை இரண்டு மடங்கு நெருக்கி, சுழல் நீளம் மாறவில்லை என்று காட்டு. அது இல்லாமல் கரோ, மூலை உருட்டல் எதற்கும் போகாதே. ஸ்ட்ரட் மூலையில் கட்டம் 2 மைக்ரானுக்குக் கீழே இருக்கட்டும். உள்நுழைவு எல்லையை ஸ்ட்ரட்டிலிருந்து அதன் உயரத்தைப் போல் இருபது மடங்காவது தள்ளி வை. ஃபைலை இங்கே போடு, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.